கடனோடு போக வேண்டாம், கடதாசி இல்லாமல் போக வேண்டாம்

(2023ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஹட்டனில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிமார், இளைஞர்கள் கூட்டத்தில் சங்கத்தின் அமைப்புச் செயலாளர் ஆற்றிய உரை)



கொஞ்சக் காலமாக எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள். "பிள்ளை வெளிநாட்டுக்குப் போகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். விடலாமா, வேண்டாமா? சங்கம் என்ன சொல்கிறது?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவது உங்கள் உரிமை. போகாதே என்று தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. வேலை தர முடியாத அரசாங்கத்துக்கும் அந்த அதிகாரம் இல்லை. ஆனால் எப்படிப் போவது, எதை நம்பிப் போவது என்பதில் சங்கம் வாய் திறக்காமல் இருக்க முடியாது. அதைப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நம் பிள்ளைகள் ஏன் இப்படி அவசரப்படுகிறார்கள்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பில் அது டொலர் கணக்கு. நம் லயத்தில் அது மாக் கணக்கு. ரொட்டி சுட்டுத்தான் மலைக்குப் போகிறோம். அந்தக் கோதுமை மா கிலோ 300 ரூபாவைத் தாண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை, முந்திய ஆண்டோடு பார்க்கையில் 90 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் போராடி வாங்கிய அதே 1000 ரூபாதான்.

அந்த 1000 ரூபாவும் முழுதாகக் கைக்கு வந்ததா? 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். பிறகு தடையை நீக்கினாலும் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோ தேயிலை உற்பத்தி செய்த நாடு, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்து இல்லை, ஆனால் தராசில் கேட்கும் கிலோ குறையவில்லை. முழு நாளும் நின்று பறித்த தாய்மார் அரைப்பேரோடு வீட்டுக்குப் போனார்கள்.

இளைஞர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த பிள்ளைகள் மலையில் வேலைக்கு நிற்பதில்லை. புறக்கோட்டைக் கடை, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடை, ஹோட்டல், கட்டட வேலை, தையல் தொழிற்சாலை என்று கொழும்புப் பக்கம் போனார்கள். மாதா மாதம் அவர்கள் அனுப்பிய காசில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. நெருக்கடியில் கடைகள் ஆட்களைக் குறைத்தன, கட்டட வேலைகள் நின்றன, ஹோட்டல்கள் வெறிச்சோடின. பிள்ளைகள் பையோடு லயத்துக்குத் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது? அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால்தான் அவர்கள் கடவுச்சீட்டு வரிசையில் போய் நின்றார்கள்.

2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போயிருக்கிறார்கள். பதியாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. நான் பயப்படுவது அந்தக் கணக்கில் இல்லாதவர்களைப் பற்றித்தான். நம் தோட்டப் பிள்ளைகளில் பலர் அந்த வழியில்தான் இழுக்கப்படுகிறார்கள்.

தோழர்களே, வேலை தேடிக் கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் என்று இந்த வருடம் நினைவுகூர்கிறோம். நம் முப்பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? கங்காணி கிராமத்துக்குப் போனார். பஞ்சத்தில் கிடந்த குடும்பத்தின் கையில் முற்பணம் கொடுத்தார். வழிச்செலவு, துணி, சாப்பாடு எல்லாம் அந்தக் கணக்கில் ஏறியது. தோட்டத்துக்கு வந்து சேரும்போதே ஆள் கடன்காரர். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் ஒரு துண்டு வேண்டும். "இவ்வளவு ரூபா கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம்" என்று எழுதிய சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். மனிதனுக்கு விலை எழுதிய சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

ஒழிந்ததா என்று கேட்கிறேன். இன்றைக்குத் தரகர் லயத்துக்கு வருகிறார். ஆண்பிள்ளை என்றால் காசு கேட்கிறார். தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, கிழமைக் கடன் எடுக்கிறார்கள், வட்டிக்காரரிடம் கையெழுத்து வைக்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் காசு கேட்பதில்லை, காசு கொடுக்கிறார். வீட்டுப்பணிப்பெண்ணாகப் போகச் சம்மதித்தால் கையில் ஒரு தொகை. அதைப் பார்த்து, செலவில்லாத பயணம் என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை பயந்துபோய் "நான் போகவில்லை" என்றால், கொடுத்ததையும் செலவழித்ததையும் சேர்த்துக் கட்டு என்கிறார்கள். போன இடத்தில் அடி வாங்கி "ஊருக்கு அனுப்புங்கள்" என்று அழுதாலும் அதே பதில்தான். கங்காணியின் முற்பணத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? துண்டுச் சீட்டு மட்டும்தான் இல்லை.

கடன் உள்ளவருக்கு வாய் இல்லை. சம்பளத்தைக் குறைத்தாலும், பேசிய வேலைக்குப் பதில் வேறு வேலை தந்தாலும், "வீட்டில் வட்டி ஏறுகிறதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். கடதாசி இல்லாதவருக்கு நிலைமை அதைவிட மோசம். சுற்றுலா விசாவில் போனவரை அந்த நாட்டுச் சட்டம் தொழிலாளியாகப் பார்க்காது. 2022இன் இறுதியில் ஓமானிலிருந்து வந்த செய்திகளை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். சுற்றுலா விசாவில் கூட்டிச் செல்லப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் அங்கே கைமாற்றி விற்கப்பட்டார்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மூதூரைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண்பிள்ளை, வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டில் சவூதிக்குப் போய், 2013 ஜனவரியில் அங்கே மரண தண்டனைக்கு உள்ளானார். நாடே அழுதது. இன்றும் தரகர் ஒருவர் "வயதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

அப்படியென்றால் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்குப் போய் அக்கம்பக்கத்திலும் சொல்லுங்கள்.

முதலாவது, முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த நாட்டுக்கு, அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு ஒரு தடவை பேசினால் தெரிந்துவிடும். லயத்துக்கு வரும் தரகரின் பேச்சு எந்த அனுமதிப்பத்திரத்துக்கும் ஈடாகாது.

இரண்டாவது, சுற்றுலா விசாவில் வேலைக்குப் போக வேண்டாம். "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். மாறாவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அவர் அல்ல.

மூன்றாவது, பணியகத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். பதிந்தவருக்குக் காப்புறுதி இருக்கிறது. பிரச்சினை வந்தால் தூதரகத்தில் பெயர் சொல்லிக் கேட்க வழி இருக்கிறது.

நான்காவது, உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை மணித்தியாலம், லீவு எப்போது என்று கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. இந்தப் பிழையைக் காட்டித்தான் தரகர் பணம் பிடுங்குகிறார். பிரதேச செயலகத்தில் முறையாகத் திருத்த வழி உண்டு. அதற்குச் சங்கக் காரியாலயம் கூட வரும்.

தென்கொரியாவுக்குப் போக ஆசைப்படும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. தொழிற்சாலை வேலைக்கு ஆள் எடுப்பது இரண்டு அரசாங்கங்களுக்கும் இடையிலான ஏற்பாடு. கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும், பணியகத்தின் ஊடாகப் போக வேண்டும். அதில் தரகருக்கு வேலையே இல்லை. "நான் ஆள் வைத்து அனுப்புகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று.

தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் மறைந்து போக வேண்டாம். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேர வேண்டும். முறையாக எழுதிக் கொடுத்து விலகுங்கள். தாயும் தகப்பனும் மலையில் சிந்திய வேர்வையைக் கம்பனிக்குத் தானம் செய்ய வேண்டாம்.

இனி, போகாமல் இங்கேயே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி. வெளிநாட்டுக்குப் போனவன் கெட்டிக்காரன், ஊரில் நிற்பவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று பேசும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அது தவறு. பாட்டியையும் தம்பி தங்கச்சியையும் பார்த்துக்கொண்டு, கிடைத்த கூலி வேலைக்குப் போகும் பிள்ளையும் குடும்பத்தைத் தாங்குகிறான்.

அவர்களுக்காக நாம் கேட்பது பிச்சை அல்ல. காடாகிக் கிடக்கும் தேயிலை நிலத்தை இளைஞர்களுக்குப் பயிரிடக் கொடுங்கள், அதுவும் எழுத்தில் உரிமையோடு கொடுங்கள் என்கிறோம். தொழிற்பயிற்சியைத் தமிழில் நடத்துங்கள், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும்படி நடத்துங்கள் என்கிறோம். அந்தச் சான்றிதழ் இங்கேயும் உதவும், வெளிநாட்டிலும் உதவும். குடியிருக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி கொடுங்கள் என்கிறோம். வீட்டில் ஒருவரும் மலைக்குப் போகாவிட்டால் காம்பராவைக் கேட்பார்களோ என்ற பயத்தில்தான் பல தாய்மார் முடியாத உடம்போடு இன்னும் கொழுந்துக் கூடை தூக்குகிறார்கள்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டபோது, நம்மில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு தலைவர்கள் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நம்மைக் கேட்கவில்லை. இன்றைக்கு யாரும் ஒப்பந்தம் போட்டு அனுப்பவில்லை. பசியும் கடனும் அனுப்புகின்றன. இப்போதும் நம்மை யாரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை விரும்பிப் போக வேண்டும், விரும்பினால் இங்கேயே வாழவும் முடிய வேண்டும். அந்த இரண்டும் இருந்தால்தான் அது அவன் எடுத்த முடிவு.

கடைசியாக, தோட்டக் கமிட்டிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த மாதமே ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி போடுங்கள். யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள், எந்த நாடு, எந்த முகவர், எந்தத் தொலைபேசி இலக்கம், கடைசியாக வீட்டாரோடு எப்போது பேசினார்கள் என்று எழுதுங்கள். கொப்பியை மாதர் தலைவி ஒருவரும் படித்த இளைஞர் ஒருவரும் பொறுப்பெடுக்கட்டும். இரண்டு கிழமையாகப் பேச்சில்லை என்று ஒரு தாய் வந்து சொன்னால், அன்றைக்கே காரியாலயத்துக்கு அறிவியுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள்.