சந்தேகம் வளர்க்கும் சோம்பல்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பிறரை வேலை வாங்கும் பொறுப்புக்கு வருவீர்கள். அன்று உங்கள் கையொப்பத்தைவிட வலிமையானது, உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கொண்டிருக்கும் எண்ணம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் எழுதிய நூலில் இந்த எண்ணங்களை இரண்டாகப் பிரித்தார். மனிதன் இயல்பிலேயே வேலையைத் தட்டிக்கழிப்பவன், அதட்டியோ ஆசை காட்டியோதான் அவனை நகர்த்த முடியும் என்பது 'எக்ஸ்' கோட்பாடு. மனம் ஒப்பிய இலக்கு இருந்தால் அவன் தானே முனைந்து உழைப்பான், பொறுப்பையும் விரும்பி ஏற்பான் என்பது 'ஒய்' கோட்பாடு. இவற்றுள் முதலாவது, தனக்கான சாட்சியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நம்பாத மேலாளர் கெடுபிடி செய்கிறார். கெடுபிடிக்கு ஆளானவர் சொன்னதை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அதைப் பார்த்த மேலாளர், தான் நினைத்தது சரிதான் என்று இன்னும் இறுக்குகிறார்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இதற்கு வலுவான சான்று உண்டு. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமலிருப்பது வாடிக்கை. நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஓயாத பூசல். 1982-இல் ஆலை மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டு சேர்ந்து, 'நூமி' என்ற பெயரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. திரும்ப வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள். சங்கமும் பழைய சங்கம்தான். நிர்வாகம் நடந்துகொண்ட விதம்தான் மாறியது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்றானது. ஸ்டாப்வாட்சைப் பிடித்து வேலைமுறையை வகுக்கும் பணி, பொறியாளர்களிடமிருந்து தொழிலாளர் குழுக்களின் கைக்கு வந்தது. பின்னர் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு நடக்கவில்லை. மிஞ்சிய நேரத்தில் பயிற்சி தரப்பட்டது. வேலைக்கு வராதோர் அளவு 3, 4 விழுக்காடாகக் குறைந்தது.

இரண்டு ஆண்டு வேலையில்லாமல் இருந்தவர்கள் பயத்தில் ஒழுங்காக வந்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயம் ஒருவரை நேரத்துக்கு வரவைக்குமே தவிர, எல்லோர் முன்னிலையிலும் கயிற்றை இழுத்து, 'இங்கே தவறு நடந்துவிட்டது' என்று சொல்ல வைக்காது. பயந்தவர் தவறை மறைப்பார். அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. நூமியில் ஒவ்வொரு அசைவுக்கும் விதி இருந்தது. அந்த விதியை வகுப்பதில் அதன்படி வேலை செய்பவருக்கும் பங்கு இருந்தது. எவ்வளவு நம்பினாலும் ஏமாற்றுபவர் சிலர் இருப்பார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்குரிய நடவடிக்கையை அவர்கள்மீது எடுங்கள். அந்தச் சிலரை மனத்தில் வைத்து அனைவருக்கும் விதி எழுதினால், உழைப்பவரின் ஊக்கமும் போய்விடும்.

வாயளவில் நம்புவதும் பயன் தராது. ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோனது. கயிறு வந்தது, ஆனால் எத்தனை கார் வெளியே போனது என்ற பழைய கணக்கே மேலாளர்களை ஆண்டது. உற்பத்தியை நிறுத்துவதை அவர்கள் விரும்பவில்லை. முயற்சி வேரூன்றவில்லை, 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

ஆகவே, நாளை உங்கள் குழுவில் ஒருவர் ஊக்கமின்றி இருந்தால், அவருடைய குணத்தை எடைபோடும் முன் நீங்கள் வகுத்த விதிகளை எடுத்துப் படியுங்கள். அவை அவரை எப்படிப்பட்டவர் என்று கருதி எழுதப்பட்டவை என்று கேளுங்கள். விதியைத் திருத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. முதல் அடியை நீங்களே எடுத்து வையுங்கள்.