படபடப்பு நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் மருத்துவர் அல்ல. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளி. அந்த அனுபவத்தில் பேசுகிறேன்.

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதுதான் இந்த நோய். நாடி தாறுமாறாக ஓடும். பனியன் கம்பெனி டென்ஷன், கேஸ் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு இருந்துவிடுகிறோம். எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தபோதுதான் தெரிந்தது.

பெரிய ஆபத்து படபடப்பு அல்ல. மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட இவர்களுக்குச் சுமார் 5 மடங்கு.

சிகிச்சை மூன்று வகை.

முதலாவது, ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை. வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்குதான். அபிக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டாம், மூளையில் ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்தி, 2022-ல் வெளியான ஆய்வில், 4,500 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். புதிய மாத்திரையான ரிவராக்ஸபானைவிட, பழைய வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் மரணம் குறைவாக இருந்தது.

இரண்டாவது, மெட்டோப்ரோலால் போன்ற வேகத்தைக் குறைக்கும் மாத்திரை. தாளம் சீராகாது, ஆனாலும் பலருக்கு இது போதும்.

மூன்றாவது, தாளத்தையே சீராக்குவது: அமியோடரோன் போன்ற மருந்து, மின் அதிர்ச்சி, தொடை ரத்தக்குழாய் வழியாகச் செய்யும் அப்லேஷன். விட்டுவிட்டு வரும் நோய்க்கு அப்லேஷன் செய்தால் பத்தில் ஏழு பேர் அளவுக்குப் பலன். சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

போன வருடம், படபடப்புதான் இல்லையே என்று முதல் வகை மாத்திரையை நானாக நாலு நாள் நிறுத்தினேன். ஒரு காலையில் வலது கை மரத்து, காபி டம்ளர் கீழே விழுந்தது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. “இது எச்சரிக்கை மணி, அடுத்தது இப்படி விடாது” என்றார் டாக்டர். அந்த மாத்திரை வேலை செய்வது நமக்குத் தெரியாது, நிறுத்தினால்தான் தெரியும்.

பல் பிடுங்குவதானாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அதோடு மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள்; ரத்தக்கசிவு வரும். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108. இன்றே உங்கள் நாடியைப் பிடித்துப் பாருங்கள்.