ஒரு பானைச் சோறும் ஓராயிரம் வயலும்



'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. புள்ளியியல் என்னும் பெருங்கலையின் அடிப்படைக் கருத்து ஒன்று இச்சிறு மொழிக்குள் அடங்கிக் கிடக்கிறது. பானையில் நீர் கொதிக்கிறது, அகப்பை துழாவுகிறது, ஆகவே எந்தப் பருக்கையை எடுத்தாலும் அது ஏனைய பருக்கைகளை ஒத்திருக்கிறது. துழாவ இயலாத பானை ஒன்று நம்முன் இருக்குமானால் என் செய்வது? அதுவே இன்று நான் உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

நான் வாழும் பழங்காநத்தம் மதுரை மாநகரின் ஒரு பகுதி. நகரெல்லையைக் கடந்து சோழவந்தான் பக்கமோ மேலூர்ப் பக்கமோ சென்றால் நெல் வயல்கள் விரிந்து கிடப்பதைக் காணலாம். பேரணையில் பிரியும் பெரியாற்றுக் கால்வாய் கள்ளந்திரி வரையில் இருபோக நிலங்களுக்குப் பாய்கிறது. அதற்கப்பால் மேலூர்ப் பக்கத்து நிலங்கள் ஒருபோகமே காண்கின்றன. மடையருகே உள்ள வயலில் கதிர் தலைசாய்ந்து நிற்க, கடைமடை வயலில் பயிர் தண்ணீருக்கு ஏங்கும் ஆண்டுகளும் உண்டு. இதுவே துழாவ இயலாத பானை. 'இவ்வாண்டு விளைச்சல் எவ்வளவு?' என்று கேட்டால், எல்லா வயல்களையும் அறுத்து நிறுத்துப் பார்க்க ஆளும் போதாது, நாளும் போதாது. சில வயல்களையே பார்க்க முடியும். எந்தச் சில வயல்கள்?

'நல்ல அனுபவமுள்ள ஒருவரை அனுப்பி, நடுத்தரமான வயல்களைப் பொறுக்கச் சொல்லலாமே' என்று உங்களுள் சிலர் கருதலாம். கருத்து நேர்மையானதே, ஆனால் மனிதக் கண் நேர்மையாகவே தவறு செய்யும். சாலையோரத்து வயல் முதலில் கண்ணில் படுகிறது. செழித்த பயிர் மனத்தை இழுக்கிறது. இரக்கமுள்ளவர் வாடிய வயலையே தேடிப் போகிறார். ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. அச்சாய்வு எவ்வளவு என்று கணக்கிடவும் வழியில்லை.

இந்தச் சாய்வைப் போக்க முயன்றவர்களுள் முன்னோடி, ஜே. ஏ. ஹப்பக் என்னும் ஆட்சிப் பணி அதிகாரி. அந்நாளைய பீகார் - ஒரிசா மாகாணத்தில் 1923 முதல் 1925 வரை நெல் விளைச்சலை அளந்த அவர், அறுக்க வேண்டிய இடத்தை மனிதர் பொறுக்கலாகாது, தற்செயலே காட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். பின்னர்ப் பேராசிரியர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வங்காளத்துச் சணல் வயல்களில் இம்முறையைப் பெரிய அளவில் வளர்த்தார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு பிறந்தது. இவ்வாறு எடுக்கும் பகுதியையே சமவாய்ப்புக் கூறு என்கிறோம்.

வயலில் இது நடைபெறும் வகையைக் கேளுங்கள். ஊர்க் கணக்கிலுள்ள புல எண்களிலிருந்து வயலைத் தேர்ந்தெடுப்பவை சமவாய்ப்பு எண்களே. வயலுக்குள் சென்றதும், நம் ஊரார் கன்னிமூலை என்று சொல்லும் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். நீளவாட்டில் இத்தனை, அகலவாட்டில் இத்தனை என்று மீண்டும் எண்களே வழிகாட்டும். அங்கே நீளமும் அகலமும் ஐந்தைந்து மீட்டராகக் கயிறு கட்டி, உள்ளேயுள்ள கதிரை அறுத்துத் தூற்றி எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் 12 கிலோ நெல் கிடைத்தால், எக்டேருக்கு அதைப்போல் 400 மடங்கு, அதாவது 4,800 கிலோ. ஈர நெல்லானால் காயும்போது குறையும் எடையைக் கழிக்க வேண்டும். கயிறு கட்டும்போதும் விழிப்பு வேண்டும். சிறிய கட்டங்களில் அறுத்தால் விளைச்சல் மிகையாகத் தோன்றும் என்பதைப் பி. வி. சுகாத்மே 1940-களிலேயே எடுத்துக் காட்டினார். கயிற்றோரத்துக் கதிரை உள்ளே சேர்த்துக்கொள்ளத்தான் கை விரும்புகிறது!

தெரிந்தெடுக்கும் உரிமையை மனிதர் கையிலிருந்து வாங்கிவிடும் இவ்வெண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அறியாத கையே நடுநிலையான கை என்பதை அச்சபையார் உணர்ந்திருந்தனர்.

'மிகுதியாக எடுத்தால் தவறு குறையுமே' என்று கேட்கலாம். 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ், குடியரசுத் தலைவர் தேர்தலில் வெல்பவர் யார் என்று அறிய ஏறத்தாழ 1 கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். லாண்டன் வெல்வார் என்று இதழ் கூறிற்று. வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியல்களிலிருந்து பெரும்பாலான பெயர்களை எடுத்ததும், விடையெழுத விரும்பியவர்கள் மட்டும் எழுதியதும் பிழைக்குக் காரணங்கள். சாய்ந்த கூறு பெருகப் பெருகப் பிழை உறுதிப்படுமேயன்றிக் குறையாது. முறையாக எடுத்த ஆயிரம் பேரின் கூறோ, நூற்றில் 95 முறை, உண்மைக்கு மூன்று விழுக்காட்டுக்கு உள்ளேயே நிற்கும். சிறு பானையாயினும் பெரும் அண்டாவாயினும், நன்றாகத் துழாவியபின் உப்புப் பார்க்க ஒரே கரண்டிதானே போதும்!

இன்று கணிப்பொறியில் பணிபுரியும் மாணவருக்கும் இதே சோதனை வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். அக்கணக்கின் மாவட்ட வரிசை திருவள்ளூரில் தொடங்குகிறது. அவ்வரிசையில் அமைந்த கோப்பின் முதல் ஆயிரம் வரிகளை எளிதென்று எடுத்துக்கொண்டால், மதுரைக்காரர் ஒருவர்கூட அதில் இரார். சாலையோரத்து வயலை அறுத்ததற்கும் இதற்கும் வேறுபாடில்லை. 'ஆர்', 'பைத்தான்' போன்ற நிரல்மொழிகளில் சமவாய்ப்பு எண்ணைப் பிறப்பிக்கும் கருவி உண்டு. அதற்கு முதலில் ஒரு வித்து எண்ணைக் கொடுத்துக் குறித்து வைத்தால், அதே நிரலை இயக்கும் வேறொருவரும் அதே கூறினை எடுத்து நம் கணக்கைச் சரிபார்க்கலாம். பிடித்த விடை வரும்வரை வித்தை மாற்றிக்கொண்டே இருப்பது, குடத்துக்குள் எட்டிப் பார்த்து ஓலை எடுப்பதற்கு ஒப்பாகும்.

கோப்பின் நீளமே தெரியாதபோதும் வழியுண்டு. நூறு வரிகள் வேண்டுமானால் முதல் நூற்றை வைத்துக்கொள்க. 101-ஆம் வரிக்கு 101-இல் 100 பங்கு வாய்ப்பு. 1,000-ஆம் வரிக்கு 1,000-இல் 100 பங்கு வாய்ப்பு. வாய்ப்புப் பெற்ற வரி உள்ளே வரும்போது, முன்னிருந்த நூற்றில் ஒன்று சீட்டு முறையில் வெளியேறும். கோப்பு முடியும்போது எல்லா வரிகளும் சம வாய்ப்புப் பெற்றிருக்கும்.

இவையெல்லாம் வெறும் கணக்கு விளையாட்டல்ல. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஊரளவில் விளைச்சல் காணும் முதன்மைப் பயிருக்கு ஊருக்கு 4 அறுவடைப் பரிசோதனைகளேனும் வேண்டும் என்று நெறிமுறை வகுத்தனர். அந்நான்கு கட்டங்களின் சராசரி, குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் ஊராருக்கு இழப்பீடு, இறங்காவிடில் இல்லை. அண்மையில் செயற்கைக்கோள் படங்களும் துணைக்கு வந்துள்ளன. எனினும் கயிறு கட்டும் இடத்தை மடைப்பக்கம் பத்தடி நகர்த்தினால், கடைமடை உழவன் வீட்டு உலை கொதிப்பது ஐயமாகிவிடும்.

ஆகவே மாணவர்களே, நாளை உங்கள் கையில் பெரிய கணக்கொன்று வரும்போது, 'எத்தனை பேரைக் கேட்டார்கள்?' என்பதோடு நின்றுவிடாமல், 'அவர்களை யார் பொறுக்கினார்கள்? கடைமடைக்கும் வாய்ப்பு இருந்ததா?' என்று கேட்டுப் பழகுங்கள்.