முள்ளில்லாத கருங்கனி



ஊர் விட்டு வந்த தமிழர் வீட்டு முன்புறத்தில் ஒரு முழ நிலம் கிடைத்தாலும் போதும். அங்கே கறிவேப்பிலைக் கன்று ஒன்று வந்துவிடும். அடுத்துத் துளசியும், இடமிருந்தால் முருங்கையும் சேரும். ஜனக்புரியில் தரைத்தளத்து வீடுகளின் தோட்டங்களைப் பார்த்தே, இது நம்மவர் வீடு என்று கதவைத் தட்டாமல் சொல்லிவிடலாம். இவற்றோடு, குழந்தைகள் பறித்துத் தின்னப் பழச்செடி ஒன்றும் வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. அவர்களுள் சிலரது உள்ளம் மேல்நாட்டு முள்ளில்லாப் பிளாக்பெரியை நாடுகிறது. அது டில்லி மண்ணில் நிலைக்குமா? நிலைக்காதெனில், அந்த இடத்தில் எதனை வளர்க்கலாம்? இவற்றையே இங்குச் சிந்திப்போம்.

பிளாக்பெரி இயல்பில் முட்புதர். பழம் பறிக்கும் கை கீறல்படாமல் மீள்வது அரிது. ஆகவே முள்ளற்ற வகைகளைப் பெற ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் உழைத்தனர். இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் நிலையத்தார் மெர்ட்டன் தார்ன்லெஸ் என்னும் வகையை உருவாக்கினர். அமெரிக்க வேளாண்மைத் துறையார் 1966இல் ஸ்மூத்ஸ்டெம், தார்ன்ஃப்ரீ என்னும் இரண்டை வெளியிட்டனர். இவற்றின் வழியிலும் பிற வழிகளிலும் பல வகைகள் பின்னர்த் தோன்றின.

முள் நீங்கியதேயன்றி, அதன் குளிர் வேட்கை நீங்கவில்லை. பெரும்பாலான முள்ளில்லா வகைகளுக்கு, ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழ்ப்பட்ட குளிர் பல நூறு மணி நேரம் வேண்டும். அவ்வுறக்கம் நிறைந்த பின்னரே மொட்டு ஒழுங்காக விழிக்கும். டில்லியின் தை மாத இரவுகள் நம்மை நடுங்க வைப்பது உண்மையே. ஆயினும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. குளிர்காலமும் விரைவில் முடிந்துவிடுகிறது. மேலும், இவ்வகைகளில் ஓராண்டு வளர்ந்த தண்டு மறு ஆண்டிலேயே காய்க்கும். எனவே பழத்தைக் காணுமுன் அத்தண்டு, 45 டிகிரியை எட்டும் வெயிலையும் ‘லூ’ என்னும் அனற்காற்றையும் தாண்டியாக வேண்டும். டில்லியின் காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்புச் சத்து எட்டாமல் இலை வெளிறுவதும் உண்டு. பிளாக்பெரி மலைநாட்டுக்கு உரியது. சமவெளியில் அதனை வருத்த வேண்டியதில்லை.

அதன் இடத்தை நிரப்ப வல்லது ஃபால்ஸா. கோடையில் தள்ளுவண்டிக்காரர் உப்புத் தூவி விற்கும் கருஞ்சிவப்புச் சிறுபழம் இதுவே. தாவர நூலார் இதனைக் கிரூவியா ஏசியாட்டிகா என்பர். இது நம் நாட்டுச் செடி, முள் இல்லை, டில்லி வெயிலுக்கு அஞ்சுவதில்லை. இதற்கு ஒரு குறை உண்டு: பறித்த பழம் ஓரிரு நாளுக்கு மேல் தாங்காது. ஆதலால் தொலைதூரச் சந்தைகளை இது எட்டுவதில்லை. வணிகருக்குக் குறையான இதுவே வீட்டுத் தோட்டக்காரருக்கு ஆதாயம். பறித்த கையோடு உண்ணும் பாக்கியம் வளர்ப்பவருக்கே உரியது.

வைகாசியில் பழம் வாங்கித் தின்றபின் விதைகளைக் கழுவி உடனே விதைக்கலாம். சுமார் மூன்று வாரத்தில் அவை முளைக்கும். அடுத்த தை, மாசியில், கன்று இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும்போது, வெயில் படும் இடத்தில் நட வேண்டும். செடிக்குச் செடி எட்டடி இடைவெளி நன்று. தண்ணீர் தேங்கலாகாது. நிலமில்லாதோர், அடியில் வடிகால் துளையிட்ட பெரிய பீப்பாயில் ஒரு செடி வளர்க்கலாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஃபால்ஸாவைக் கத்தரிக்காமல் பழம் எதிர்பார்ப்பது வீண். நம் ஊரில் ஆண்டு முழுதும் பசுமை கண்டு பழகிய நமக்கு, உயிருள்ள கிளையை வெட்ட மனம் வருவதில்லை. ஆனால் இச்செடி பழங்கிளையில் காய்ப்பதன்று. அவ்வாண்டில் துளிர்க்கும் இளங்கிளையிலேயே பூக்கும். வெட்டாது விட்டால் செடி உயர்ந்துகொண்டே போகும். புதுத் தளிர் குறையும். பழமும் கைக்கு எட்டாது. மார்கழியில் இலை உதிர்ந்ததும், தரையிலிருந்து மூன்று, நான்கடி உயரம் விட்டு மேற்பகுதியைத் துணிந்து வெட்டிவிட வேண்டும். தரைமட்டத்துக்கு ஒட்ட வெட்டுதல் வேண்டாம். அது விளைச்சலைக் குறைக்கும். பழையதைக் களையும் போகிப் பண்டிகையை இதற்குக் கெடுவாக வைத்துக்கொண்டால் மறதி நேராது. வெட்டிய மிலாறுகளைக் கொளுத்தி டில்லியின் புகையைப் பெருக்க வேண்டாம். அவரைக்கொடிக்கு ஊன்றலாம், கூடை முடையலாம்.

கத்தரித்தபின் மக்கிய எருவிட்டு நீர் பாய்ச்சினால் புதுக்கிளைகள் எழும். அவற்றின் இலைக்கக்கங்களில் சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாக மலரும். காய் பருக்கும் சித்திரையில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழங்கள் ஒருசேரப் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கருமையும் கலந்திருக்கும். ஆகவே சில நாளுக்கொருமுறை கறுத்தவற்றை மட்டும் பறிக்க வேண்டும். பறவைகளும் பங்கு கேட்கும். வலை போட்டுக் காக்கலாம். மேற்கிளைகளை அவற்றுக்கு விட்டுவிடினும் குற்றமில்லை. இரண்டாம் மூன்றாம் ஆண்டு முதல் பழம் கிடைக்கும்.

பழத்தைப் பிசைந்து வடிகட்டிச் சர்க்கரையும் சிறிது காலா நமக்கும் சேர்த்தால் நல்ல சர்பத்து ஆகும். பழக்கடைகளில் காய்ந்து சுருங்கியதை வாங்குவோர் இதன் உண்மைச் சுவையை அறியார்.

அயலூரில் தோட்டம் போடுவோர் இரண்டு வகைச் செடிகளை வைக்கிறார்கள். ஒன்று, பிறந்த ஊரை நினைவூட்டுவது. மற்றொன்று, குடியேறிய ஊர் மனமுவந்து தருவது. கறிவேப்பிலையைக் குளிரிலிருந்து போர்த்திக் காக்கும் நாம், காவலே வேண்டாத ஃபால்ஸாவுக்கும் அதனருகே எட்டடி இடம் ஒதுக்குவோமாக. மார்கழியில் கத்தரிக்கோலைத் தயக்கமின்றி எடுப்பவருக்கு வைகாசியில் கிண்ணம் நிறையும்.