மானியமும் முல்லையாறும்



கம்பத்திலோ கூடலூரிலோ ஒரு தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கப்படுகிறது. "அரசு போட்டது" என்று சொல்லிவிட்டு நாம் நடந்துவிடுகிறோம். எந்த அரசு, யார் பணம், அந்தத் தெருவைத் தேர்ந்தவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவையே இன்று எடுத்துக்கொள்ள விழைகிறேன்.

டில்லியிலிருந்து ஊர்களுக்குப் பணம் வருவது புதுமை அன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. பணம் மேலிருந்து வந்தது. பெரும்பாலும் முடிவும் மேலிருந்தே வந்தது. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு இக்குறையை எடுத்துக்காட்டி, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும் என்றது. அக்கருத்து நாடு முழுமைக்கும் அரசியலமைப்பின் வாயிலாக உறுதிபெற, 1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் திருத்தங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் உள்ளாட்சிகளின் வருவாயைப் பெருக்கும் வழிகளையும் மத்திய நிதிக் குழு ஆராய்ந்து சொல்லலாயிற்று.

பதினைந்தாம் நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, நாடெங்கும் உள்ள உள்ளாட்சிகளுக்கென 4,36,361 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. மாநிலங்களுக்குள் பங்கிடும் முறை எளியது: மக்கள்தொகைக்கு 90 பங்கு, பரப்பளவிற்கு 10 பங்கு. தேனி மாவட்டத்தின் நகராட்சிகள் ஆறும் பெருநகர்கள் அல்ல. எனவே அவற்றுக்குப் பொருந்திய விதி வருமாறு. நூறு ரூபாய் வந்தால் 30 ரூபாய் குடிநீருக்கு, 30 ரூபாய் துப்புரவுக்கு. எஞ்சிய 40 ரூபாயை ஊரின் தேவையறிந்து மன்றமே செலவிடலாம். ஆனால் அதைச் சம்பளத்திற்கு எடுத்தல் ஆகாது. இக்கட்டுப்பாட்டைச் சிலர் குறைகூறுவர். எனக்கு அது நன்றாகவே படுகிறது. சாக்கடைக்கு மாலையிட்டுத் திறப்புவிழா நடத்துவார் யாருமில்லை அல்லவா? கட்டாயம் இல்லையேல் அப்பணம் அலங்கார வளைவாக எழுந்து நின்றுவிடும்.

எனினும் இக்கணக்கின் கண்ணுக்கு ஒன்று தெரிவதில்லை. அதுதான் ஆறு.

பெரியாற்று அணையின் நீர் 1895 முதல் மலையைக் குடைந்த வழியே நம் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என ஊர் ஊராகத் தொட்டு, முடிவில் வைகை அணையை அடைகிறது. அந்த அணையின் நீரை மதுரை மாநகர் பருகுகிறது. வீரபாண்டியில் ஆற்றங்கரையில் நின்று நான் பார்த்திருக்கிறேன்: படித்துறையில் பக்தர் நீராடுகின்றனர், மேலே உள்ள ஊர்களின் கழிவும் அதே நீரோடுதான் வருகிறது. கம்பம் தன் துப்புரவுப் பணத்தைச் செவ்வனே செலவிட்டால், அதன் பயனில் பெரும்பகுதி கம்பத்திற்கன்று, கீழே இருக்கும் சின்னமனூருக்கே சேரும். செலவிடாவிட்டாலோ, சின்னமனூர் தன் குடிநீர்ப் பணத்தைக் கொண்டு கம்பத்தின் அழுக்கைத்தான் வடிகட்டவேண்டியிருக்கும். தலைக்கு இவ்வளவு என்று ஊர் ஊராகப் பிரித்த கணக்கில் இந்த உறவுக்கு இடமே இல்லை.

அமெரிக்காவிலும் 1974 முதல் நகரங்களுக்குச் சமுதாய வளர்ச்சி மானியம் வழங்கப்படுகிறது. அங்கே வறுமையையும், வீடுகளின் நெருக்கடியையும், அவற்றின் பழைமையையுங்கூட எண்ணுகின்றனர். அது நம்முடையதைவிட நுட்பமான கணக்கு. ஆனால் மேட்டூர் எது, பள்ளத்தூர் எது என்பதை அந்தக் கணக்கும் எண்ணுவதில்லை.

நம் அரசியலமைப்பை இயற்றியோர்க்குப்பின் அதைத் திருத்தியோர் இதை எண்ணிப் பார்த்தனர் என்பதைச் சொல்லவேண்டும். 243 இசட்-டி என்னும் பிரிவு, மாவட்டந்தோறும் ஒரு திட்டக் குழு அமையவேண்டும் என்கிறது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தமக்குள் நீரைப் பகிர்ந்துகொள்வது அக்குழு கருதவேண்டிய பொருள்களுள் ஒன்றாகவே அங்கு எழுதப்பட்டுள்ளது. அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர், மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்கள். கம்பத்தாரும் சின்னமனூராரும் ஒரே மேசையில் அமர்ந்து வழக்காட வேண்டிய இடம் அதுவே.

அந்த நாற்காலிகள் காலியாக இருந்தால்? தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தேனி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியிலுமே தேர்தல் நடந்தது. இடைக்காலத்தில், தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 சனவரியில் ஊராட்சிகளின் காலம் மீண்டும் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

தணிக்கை செய்த கணக்கைப் பொதுமக்கள் காண வெளியிடாத உள்ளாட்சிக்கு மானியம் இல்லை என்பதும் பதினைந்தாம் நிதிக் குழு விதித்த நிபந்தனை. ஆகவே உங்கள் ஊர்க் கணக்கு நீங்கள் காணக்கூடியதே. அதில் துப்புரவுச் செலவைப் பாருங்கள். ஆற்றில் விழும் ஓடை ஒன்றேனும் அந்தச் செலவால் தடுக்கப்பட்டதா என்று உங்கள் வார்டு உறுப்பினரைக் கேளுங்கள்.