அக்கா அட்டையும் தங்கச்சி அட்டையும்

("உழைக்கும் குடும்பத்துக்கு நோய் வந்தால் கைகொடுப்பது கையிலிருக்கும் காசா, பையிலிருக்கும் அட்டையா?" என்ற பட்டிமன்றத்தில், 'அட்டையே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் காசோடு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) வீட்டிலே தொலைக்காட்சி முன்னால் இருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால பேசின நண்பர் ரொம்ப அழகா கேட்டார். "அட்டை இருக்கு சரி, அதை வாங்கிக்கிற டாக்டர் எங்கே?" நியாயமான கேள்வி. நான் ஆம்பூர்க்காரி. ஆம்பூர்னு சொன்னா உங்களுக்கு பிரியாணி ஞாபகம் வரும். எங்களுக்கு ஷூ கம்பெனி சங்கு ஞாபகம் வரும். (சிரிப்பு) பக்கத்திலே வேலூர். 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோட தொடங்கின மருத்துவமனை, இன்னைக்கு வடநாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஜனங்க ரயிலேறி வர்ற இடம். அந்த மண்ணிலே பிறந்த எங்களுக்கு, சுகர் மாத்திரை எழுதித் தர ஓர் எம்.டி. டாக்டரைத் தேடுறது பெரிய பாடு. ஒத்துக்கிறேன்.

ஆனா நடுவர் அவர்களே, கேள்வியிலே ஒரு சின்னப் பிழை இருக்கு. நண்பர் 'அட்டை'ன்னு ஒருமையிலே சொன்னார். அட்டை ஒண்ணு இல்லைங்க, ரெண்டு!

எங்க வீட்டுக் கதையைச் சொல்றேன். எங்க அம்மா ஷூ கம்பெனியிலே மெஷின்ல உட்கார்ந்து மேல்தோல் தைச்சாங்க. அம்மாவோட தங்கச்சி, என் சித்தி, அதே ஷூவுக்கு வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து கையால தைச்சாங்க. ஏஜெண்டு மூட்டையிலே கொண்டுவந்து போடுவார், ஜோடிக்கு இவ்வளவுன்னு கூலி. ஷூ ஒண்ணு. ரெண்டு பேருக்கும் வந்த சுகரும் ஒண்ணு. அட்டை மட்டும் வேற.

அம்மாகிட்ட இருந்தது இ.எஸ்.ஐ. 1948-லே சட்டம் வந்து, 1952-லே கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கின திட்டம். மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் உள்ளவங்களுக்கு. 12,000 ரூபாய் சம்பளம்னா தொழிலாளிகிட்ட பிடிக்கிறது 90 ரூபாய், முதலாளி போடுறது 390 ரூபாய். எங்க அம்மா அந்தப் பிடித்தத்தைப் பார்த்து மாசாமாசம் திட்டுவாங்களே தவிர, ஒருநாள் கூட டிஸ்பென்சரி வாசலை மிதிச்சதில்லை. "அங்க போயி கியூவுல நின்னா அரைநாள் கூலி போயிடும்டீ"ன்னுவாங்க. காசு கொடுத்துத் தனியார் டாக்டரைப் பார்த்தாங்க. எதிரணி நண்பர்களே, அப்போ எங்க அம்மா உங்க கட்சி! (சிரிப்பு)

சித்திகிட்ட இருந்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. 2012-லே தொடங்கினது. இன்னைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சித்தி அந்த அட்டையை மஞ்சப் பையிலே போட்டுக்கிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனாங்க. சீட்டு கொடுக்கிற பொண்ணு பார்த்துட்டு, "இது ஆஸ்பத்திரியில சேர்ந்து ஆபரேஷன் பண்ணிக்கத்தாம்மா. சும்மா காட்டிட்டுப் போறதுக்குச் செல்லாது"ன்னு சொல்லிடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பில்லை, திட்டமே அப்படித்தான். சித்தி காசு கொடுத்துப் பார்த்தாங்க. மூட்டை வந்த மாசம் மாத்திரை. மூட்டை வராத மாசம் வெந்தயத் தண்ணி.

நடுவர் அவர்களே, காய்ச்சல் விருந்தாளி மாதிரி, நாலு நாள் இருந்துட்டுப் போயிடும். சுகரும் பிரஷரும் வீட்டோட மாப்பிள்ளை! போகவே போகாது. (பலத்த சிரிப்பு) விருந்தாளிக்கு கைக்காசு போதும். வீட்டோட மாப்பிள்ளைக்கு மாசாமாசம் படியளக்கணுமே?

2019-லே சித்தி கால்ல ஒரு கொப்புளம் வந்தது. கவனிக்காம விட்டது புண்ணாச்சு. ஊரார் காலுக்கெல்லாம் ஷூ தைச்சுக் கொடுத்தவங்களுக்கு, தன் கால் ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. அப்போ அதே அட்டை கைகொடுத்தது. ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் கேட்கலை. அட்டையாலே கால் பிழைச்சது. ஆனா யோசிச்சுப் பாருங்க: விரலை எடுக்கச் செல்லுபடியான அட்டை, விரலைக் காப்பாத்துற மாத்திரைக்குச் செல்லலையே!

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலே அம்மா ஒண்ணுமே பேசலை. அடுத்த வாரம் தானாகவே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குக் கிளம்பிட்டாங்க. அங்கே பார்த்தாங்க, வேலூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினாங்க, அங்கே பொது மருத்துவர் ரத்தம், சிறுநீர், கண், கால் எல்லாம் பார்த்தார். மருந்துக்கும் காசில்லை. கியூ இருந்தது, இல்லைன்னு சொல்லலை. உடம்பு முடியாம லீவு போட்டா, ஆறு மாசத்திலே 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தா போதும், வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியிலே 70 சதவீதம் அதே இ.எஸ்.ஐ. தரும். எதிரணி நண்பர்களே, எந்தக் காசுங்க படுத்துக்கிடக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கும்? (கைதட்டல்)

வள்ளுவர் 'மருந்து'ன்னு ஓர் அதிகாரமே வெச்சார். அதிலே கடைசிக் குறள்லே மருத்துவத்துக்கு நாலு பேர் கணக்கு சொல்றார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிக்கிறவர். காசை அந்த நாலிலே சேர்க்கலை! எங்க அம்மாவோட அட்டை அந்த நாலையும் ஒரு இடத்திலே கொண்டுவந்து சேர்த்தது. சித்தியோட அட்டை, படுத்த பிறகுதான் சேர்த்தது.

இப்போ சித்திக்கு யார்? 2021 ஆகஸ்டிலே தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்திலே, ஒரு தங்கச்சி வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுத்துட்டுப் போகுது. அந்தத் தங்கச்சியும் காசு கேட்கறதில்லை.

ஆகவே வீட்டிலிருந்து பார்க்கிற தாய்மார்களே, டாக்டரைத் தேடுறதுக்கு முன்னால உங்க அட்டையைத் திருப்பிப் பாருங்க. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தா, "எனக்கு எந்த டிஸ்பென்சரி?"ன்னு கம்பெனியிலே கேளுங்க. முதலமைச்சர் அட்டைன்னா, "சேர்ந்தா மட்டுமா, காட்டிட்டுப் போனாலும் செல்லுமா?"ன்னு முதல்லயே கேட்டுடுங்க. மாசாந்திர மாத்திரைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, அதை மறக்காதீங்க.

தீர்ப்பு சொல்லப் போற நடுவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டர் தூரமா இருக்கார்னா டாக்டரைப் பக்கத்திலே கொண்டுவரணும், டிஸ்பென்சரியைச் சாயங்காலமும் திறக்கணும், திண்ணையிலே உட்கார்ந்து தைக்கிறவளுக்கும் அக்காவோட அட்டை கிடைக்கணும். அதுக்காக அட்டையையே தூக்கி எறியச் சொல்லாதீங்க. என் சித்தி விரலை இழந்தது அட்டையை நம்பி இல்லை. காசு வரும் வரும்னு மூட்டையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்ததாலே!

(கைதட்டல்)