அருகிய கொடி



பிரான்சு நாட்டின் வடகிழக்கே ஷாம்பேன் என்றொரு பகுதி உண்டு. குளிர் மிகுந்த அப்பகுதியின் மலைச்சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் சுமார் 34,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கின்றன. அங்கே உண்டாக்கப்படும் நுரைக்கும் மது உலகம் அறிந்த ஒன்று. அம்மதுவின் பெருமையைப் பேசுவது என் நோக்கமன்று. அதற்குப் பயன்படும் வெண்திராட்சை வகைகளுள் ஒன்றான ‘பெத்தி மெலியே’ என்னும் கொடியின் வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். ஒரு பயிர்வகை எவ்வாறு மறைகின்றது, மறைந்தால் நாம் எதனை இழக்கின்றோம் என்பதை அவ்வரலாறு தெளிவாக உணர்த்தும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்ளுங்கள். திராட்சை விதையை ஊன்றினால் தாய்க்கொடியின் குணங்கள் அப்படியே அமைந்த கொடி முளைப்பதில்லை. வேறொரு கொடியே முளைக்கும். ஆதலால் ஒரு வகையைக் காக்க வேண்டுமானால் அதன் தண்டை வெட்டிப் போத்தாக நடவேண்டும். அன்றி ஒட்டுக் கட்டவேண்டும். மனிதன் கை அதனைத் தொடர்ந்து நட்டுவரும் வரையில்தான் அவ்வகைக்கு வாழ்வு. நடுவோர் இல்லையேல், சில தலைமுறைகளில் அது முற்றும் அழிந்துபோகும்.

பெத்தி மெலியேயின் பிறப்பு சுவையானது. ‘குவே பிளான்’ என்பது ஐரோப்பாவின் பழைய திராட்சைகளுள் ஒன்று. தரம் குறைந்தது, குடியானவர் திராட்சை என்று நெடுங்காலம் இகழப்பட்டது அது. அக்கொடியும் ‘சவாஞான்’ என்னும் மற்றொரு கொடியும் கலந்து பிறந்ததே பெத்தி மெலியே என மரபணு ஆராய்ச்சி காட்டியுள்ளது. இன்று உலகெங்கும் போற்றப்படும் ‘ஷார்டொனே’ திராட்சைக்கும் அதே குவே பிளான்தான் ஒரு பெற்றோர் என்பது 1999ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. எனவே புகழ்பெற்ற கொடியும் மறக்கப்பட்ட கொடியும் உடன்பிறப்புகளே!

அப்படியிருக்க, ஒன்று வாழ்ந்து மற்றொன்று தாழ்ந்தது ஏன்? பெத்தி மெலியே வசந்தத்தில் முந்தித் துளிர்ப்பது. ஆகவே உறைபனிக்கு எளிதில் இரையாகும். பூக்கள் உதிரும், பூஞ்சை நோய் பற்றும், விளைச்சலோ குறைவு. இந்நிலையில் அமெரிக்காவிலிருந்து வந்த ‘பிலாக்சரா’ என்னும் சிறு பூச்சி, வேர்களைத் தாக்கிப் பிரான்சின் தோட்டங்களைப் பாழாக்கியது. 1890ஆம் ஆண்டளவில் அது ஷாம்பேனை அடைந்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டி, தோட்டம் முழுவதையும் புதிதாக நடவேண்டியதாயிற்று. புதிதாக நடுகின்றவன் நிறைய விளைவதைத்தானே நாடுவான்? அவன் மீது குற்றம் சொல்வதற்கில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதிக்கப்பட்ட வகைகளுள் பெத்தி மெலியேயையும் சேர்த்தது. ஆயினும் சட்டத்தில் பெயர் நிலைத்ததேயன்றி, நிலத்தில் கொடி நிலைக்கவில்லை. இன்று பீனோ நுவார், மெனியே, ஷார்டொனே என்னும் மூன்று வகைகளே ஏறத்தாழ எல்லா நிலத்தையும் நிரப்பியுள்ளன. பெத்தி மெலியே, அர்பான் முதலிய நான்கு பழைய வகைகள் ஒன்றுசேர்ந்தும் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவே.

இங்கேதான் கதை திரும்புகின்றது. திராட்சை பழுக்கப் பழுக்க அதில் இனிப்பு ஏறும்; புளிப்பு இறங்கும். நுரைக்கும் மதுவுக்கோ புளிப்பே உயிர்நாடி. குளிர்நாடாகிய ஷாம்பேனில் முன்பு புளிப்புக்குப் பஞ்சமில்லை. இப்போது வெப்பம் ஏறிவருகின்றது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடந்த அறுவடை, 2003ஆம் ஆண்டில் ஆகஸ்டிலேயே தொடங்கிற்று. அவ்வாறு நேர்ந்தது 1822ஆம் ஆண்டுக்குப் பின் அதுவே முதல் முறை. அதன் பின்னரோ 2007, 2011, 2018, 2020, 2022 என ஆகஸ்டு அறுவடை அடிக்கடி வரலாயிற்று. கடும் வெயிலிலும் புளிப்பை விடாது காப்பது பெத்தி மெலியேயின் இயல்பு. அன்று வேண்டாத அப்புளிப்பே இன்று வேண்டும் குணமாயிற்று. சில குடும்பத்தார் அதனை மீண்டும் நடத் தொடங்கியுள்ளனர்.

இக்கொடி எல்லாக் குறைகளையும் தீர்க்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வசந்தம் முந்தினால் துளிரும் முந்தும். பனியின் அச்சமும் கூடும். ஆனால் அதன் நற்குணத்தைப் பிற கொடிகளோடு கலந்து புதுவகை காணலாம். அதற்குக் கொடி உயிரோடு இருத்தல் வேண்டுமன்றோ?

இதனை உணர்ந்தே பிரெஞ்சு அறிஞர் மோம்பெலியே வேளாண்மைப் பள்ளியில் 1876ஆம் ஆண்டில் திராட்சை வகைகளைத் திரட்டத் தொடங்கினர். 1949ஆம் ஆண்டில் அத்தொகுப்பை வசால் என்னும் கடற்கரை மணற்பரப்புக்கு மாற்றினர். மணலில் பிலாக்சரா பூச்சி வாழாது. அங்கே பல்லாயிரம் கொடிகளை உயிரோடு பேணினர். இன்று பயனில்லை என்று அவர்கள் எதனையும் தள்ளவில்லை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் முதியோர் வாக்கு. எந்தத் துரும்பு எந்நாளில் உதவும் என்பதை முன்கூட்டி அறிய யாராலும் இயலாது. ஆகவேதான் எல்லாவற்றையும் காக்க வேண்டியிருக்கின்றது. இளைஞர்களே, தாவர நூல் பயிலும்போது, விளைச்சற் கணக்கோடு இந்த உண்மையையும் நினைவில் வையுங்கள்.